கேரட் குதிரை

"இதை எட்டு வயசுக் குழந்தை செஞ்சதுன்னு நான் நம்பணுமா?"

நடுவர் வினிஃப்ரெட் டட்ஜ் மூக்குக் கண்ணாடியை இறக்கி, மேஜை மேல் நின்ற கேரட் குதிரையைப் பார்த்தார்.

கோட்டை மைதானத்தில் அன்று ஊர்க் கண்காட்சி. வெளியே மழை பிடித்துக்கொண்டதால், ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் பாதிக் குடும்பங்கள் அந்தக் கூடாரத்துக்குள்தான் இருந்தன. குழந்தைகளுக்கு 'காய்கறியில் ஒரு விலங்கு' போட்டி. பெரியவர்கள் கை படக் கூடாது என்பது விதி.

மற்ற விலங்குகளில் அந்த விதி நன்றாகவே தெரிந்தது. என்ன விலங்கு என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

குதிரைக்கு அது தேவைப்படவில்லை. முன்னங்காலைத் தூக்கி நின்றது. வெங்காயத்தாளின் வேர், பிடரி மயிராகக் காற்றில் பறந்தது.

"நெஸ்டா ப்ரீஸ்," என்று பெயர் அட்டையை உரக்கப் படித்தாள் டெல்லா. அவள் மகனும் போட்டியில் இருந்தான். "எம்லின் பொண்ணு. கோட்டை வாசல் சிங்கத்துக்குப் புது மூக்கு செதுக்கி வச்சாரே, அந்த எம்லின்."

'அப்படிச் சொல்லு' என்பதுபோல் நாலைந்து தலைகள் ஆடின.

கல்தச்சர் எம்லின் டீக் கோப்பையோடு வந்தார். "என்ன, ஏதாவது பிரச்சினையா?"

"குதிரை ரொம்ப நல்லா இருக்கு ப்ரீஸ். அதான் பிரச்சினை," என்றார் நடுவர்.

"நான் அதைத் தொடக்கூட இல்லைங்க."

"எங்க பையன் பன்னியைப் பாருங்க," என்றாள் டெல்லா. "ஒரு கண்ணு கழண்டு விழுந்துடுச்சு. நான் ஒட்டிவிட்டேனா? மனசைக் கல்லாக்கிட்டு நிக்குறேன்."

"அது பன்னியா? யாரோ உருளைக்கிழங்கை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. நடுவர் சிரிக்கவில்லை. ஓர் அட்டையில் 'பெரியவர் உதவி. பரிசுக்குத் தகுதியில்லை' என்று எழுதி, குதிரையின் காலடியில் வைத்தார்.

நெஸ்டா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நான்தான் செஞ்சேன்," என்றாள். "இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் சரியா வரல. எங்க முயல் தின்னுடுச்சு."

"சாட்சிக்கு முயலா," என்றாள் டெல்லா.

எம்லின் கோப்பையை ஓசையோடு கீழே வைத்தார். "இந்தாங்க, ஒண்ணு சொல்றேன். என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. ஒருத்தர் வேலைக்கு இன்னொருத்தர் பேர் வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

நெஸ்டா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ இங்கேயே செஞ்சு காட்டட்டுமே," என்றாள் டெல்லா.

"காட்டுவா. கேரட் குடுங்க."

வெளியே நின்ற மட்டக்குதிரைக்குக் கொடுக்க வைத்திருந்த ஒன்றை டெல்லாவே பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நெஸ்டா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கோணலா இருக்கு."

"ஆரம்பிச்சாச்சு சாக்கு."

"இல்ல ஆன்ட்டி. கோணலா இருந்தா குதிரை திரும்பிப் பார்க்குற மாதிரி செய்யலாம்."

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு மழுங்கல் கத்தி வந்தது. நெஸ்டா நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு செதுக்க ஆரம்பித்தாள். முதலில் கழுத்து வந்தது. பிறகு தாடை. காது வந்தபோது மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருடைய டீயும் ஆறிப்போனது.

முடித்து மேஜையில் வைத்தாள். குதிரை கழுத்தைத் திருப்பி நேராக டெல்லாவைப் பார்த்தது.

நடுவர் தான் எழுதிய அட்டையை இரண்டாகக் கிழித்தார். "தப்பு எம்மேலதான் கண்ணு. மன்னிச்சுக்கோ," என்று முதல் பரிசுக்கான சிவப்பு அட்டையை அவள் கையிலேயே கொடுத்தார்.

அதற்கப்புறம் எம்லினைப் பிடிக்க முடியவில்லை. "நேர்மைன்னு ஒண்ணு இருக்குங்க," என்று நின்றவர்கள் எல்லோரிடமும் ஒரு சுற்றுச் சொல்லி வந்தார். "சந்தேகப்படுறதுக்கு முன்னாடி எதிர்ல நிக்குற மனுஷன் யாருன்னு பார்க்க வேணாமா?"

நடுவர் சங்கடத்தோடு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

அங்கே ஆண்களுக்கான கேக் போட்டி. மனைவியோ அம்மாவோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால்கூடத் தள்ளுபடி. ஒன்று கருகியிருந்தது. ஒன்று நடுவில் குழி விழுந்து கிடந்தது. ஒன்று பக்கத்துக் கேக்கின் மேல் சாய்ந்திருந்தது.

ஒன்று மட்டும் பொன்னிறத்தில் பூரித்து நின்றது. நடுவர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பிறகு பெயர் அட்டையைத் திருப்பினார்.

எம்லின் ப்ரீஸ்.

"இந்தத் தடவை நான் வாயைத் திறக்கப் போறதில்லப்பா," என்றார். கூடாரமே சிரித்துக் கைதட்டியது. டெல்லாவும் தட்டினாள். "இவ்வளவு மெத்துன்னு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாம் கைப்பக்குவம்தான்," என்றார் எம்லின் அடக்கமாக.

"பொண்ணுக்கு அப்பாவோட கை. இப்பத்தான் புரியுது," என்றார் நடுவர்.

நெஸ்டா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்தார்.

"அடுத்த வருஷம் கேக்கைக் கொஞ்சம் சுமாரா செஞ்சு தரேன்ப்பா," என்றாள் காதருகே. "இல்லன்னா உன்னையும் இங்கேயே செஞ்சு காட்டச் சொல்லிடுவாங்க."