மூடி பொருந்தாத ஜாடி

அந்த அம்மாள் அரை மணி நேரமாக மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நதியா கடை போட்டு மூன்று வருஷமாகிறது. கப், தட்டு, ஜாடி எல்லாமே அவளே வனைந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள சூளையில் சுட்டவை. எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். பழனியிலிருந்து வந்த இந்தப் புவனா மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

புவனாவுக்கு இரண்டு உப்பு ஜாடி வேண்டும். அண்ணன் வீட்டுக்கு ஒன்று, தம்பி வீட்டுக்கு ஒன்று. பாகம் பிரித்து, ஒரே வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி எட்டு மாதமாகிறதாம். இரண்டு ஜாடியையும் நூல் சுற்றி அளந்து பார்த்தாள். ஒன்று நூலளவு பெரிதாக இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் தன் உயிரை எடுத்துவிடுவார்கள் என்றாள்.

அதோடு விட்டாளா? இந்த மூடியை அந்த ஜாடிக்கும், அந்த மூடியை இந்த ஜாடிக்கும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஆடின.

"ஏம்மா, இப்படி ஆடுதே?"

"அப்படித்தான் ஆடும்க்கா. ஒவ்வொரு மூடியையும் அதோட ஜாடி மேலேயே வச்சுத்தான் சுடுவேன். மண்ணு காயும்போதும் வேகும்போதும் ரெண்டும் சேர்ந்தே சுருங்கும். அதது அததுக்குத்தான் சேரும்."

"அப்ப ஒரு மூடி உடைஞ்சா வேற செஞ்சு தர மாட்டியா?"

"செஞ்சாலும் சேராதுக்கா."

இது என்ன வியாபாரம் என்று புவனா முணுமுணுத்துக்கொண்டே போனில் பணம் அனுப்பினாள். பைன் மர ஊசியிலையைத் திணித்துப் பொட்டலம் கட்டுவதில் நதியாவுக்குத் தனிப் பெருமை. அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

"கட்ட வேணாம். நானே கட்டிக்கிறேன்."

சரியான நச்சு என்று நினைத்துக்கொண்டாள் நதியா.

புதன்கிழமை சாயங்காலம் கடையின் இணையப் பக்கத்தில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு விமர்சனம் வந்து விழுந்தது. இரண்டுக்கும் ஒரே ஒரு நட்சத்திரம். ஒன்று தேவசேனா போட்டது, மற்றது வள்ளி போட்டது. மூடி ஆடுகிறது, உப்பு நசநசத்துவிட்டது, பார்த்து வாங்கவும் என்று இரண்டு பேரும் பேசி வைத்தாற்போல எழுதியிருந்தார்கள். படத்தில் இருந்தவை புவனா வாங்கிப் போன ஜாடிகள்தான்; எழுதியவர்கள் அவள் சொன்ன அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும்.

அறுபது தட்டுக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்த விடுதிக்காரர் பொன்னுவேல் அன்று இரவே கூப்பிட்டார். விமர்சனத்தைப் பார்த்ததாகவும், வெள்ளிக்கிழமை வரை யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். அந்த ஆர்டரை நம்பித்தான் நதியா மழைக்கால மூன்று மாதத்தையும் ஓட்டியாக வேண்டும்.

புவனாவுக்குப் போன் போட்டாள். மூடி எப்படி மாறியது என்று கேட்டதும் புவனா பதறவே இல்லை.

"பழனி பஸ் ஸ்டாண்டுல வச்சு நாந்தாம்மா மாத்திக் கட்டுனேன்."

"எதுக்குக்கா?" என்றாள் நதியா.

"எங்க பஞ்சாமிர்தக் கடைப் பங்குல வந்த சண்டை. எட்டு மாசமா ஒருத்தர் வாசல ஒருத்தர் மிதிக்கல. சொந்தக்காரங்க எல்லாரும் பேசிப் பாத்தாச்சு. உப்பு நசநசன்னு கெடந்தா என்னைக்காவது ஒருத்தி மூடியத் தூக்கிக்கிட்டு அடுத்த வாசலுக்குப் போய்த்தானம்மா ஆகணும்?"

"என் பேரு கெட்டுப்போச்சேக்கா."

விமர்சனத்துக்குக் கீழே உள்ளதை எழுதிவிடும்படி புவனா மெதுவாகச் சொன்னாள்.

நதியா எழுதினாள். உள்ளது உள்ளபடி நாலு வரி எழுதினாள். அனுப்பினால் தன் பெயர் பிழைக்கும், அந்தச் சுவர் இன்னும் இரண்டடி உயரும். ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு எழுதினாள்.

'மன்னிக்கவும். பொட்டலம் கட்டும்போது மூடிகள் மாறிவிட்டன. தவறு என்னுடையது. உங்கள் மூடி அடுத்த வாசலில் இருக்கிறது.'

வியாழன் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை இரண்டு விமர்சனமும் ஐந்து நட்சத்திரமாக மாறியிருந்தன. மத்தியானம் பொன்னுவேல் தட்டுக்குச் சரி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பையை யார் தூக்குவது என்று வழியெல்லாம் வழக்காடிக்கொண்டு வந்தவர்கள், தேவசேனா, வள்ளி என்று பெயர் சொன்னார்கள். நதியா மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உன் மேல எதுக்குப் பழியப் போட்டுக்கிற?" என்றாள் மூத்தவள் தேவசேனா. "பொட்டலத்துல இருந்தது பஞ்சாமிர்த டப்பாவுக்குப் போடுற முடிச்சு. எங்க கடையில அப்படி முடிச்சுப் போடுறவ புவனா ஒருத்திதான். என்னைக்கு மூடியத் தூக்கிக்கிட்டு இவ வீட்டுக்குப் போனேனோ, அன்னைக்கே ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிட்டோம்."

"கோவமில்லையாக்கா?"

"கோவமா? இன்னும் ரெண்டு ஜாடி வாங்க வந்திருக்கோம். ஒண்ணு புவனாவுக்கு. இன்னொண்ணு அவ ஓரகத்திக்கு. மாடியும் கீழுமாக் குடியிருந்துக்கிட்டு, ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசி மூணு வருசமாச்சு."

நதியா சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு ஜாடியை எடுத்து வைத்து, பழக்கத்தில் ஊசியிலைக் கட்டைப் பிரித்தாள்.

வள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்ட வேணாம்மா. நாங்களே கட்டிக்கிறோம்."