சந்தியைப் பார்த்த கடை

எண்பத்தாறாம் ஆண்டு. கொழும்பு வியாபாரத்தை விட்டுவிட்டு, போன கிழமைதான் யாழ்ப்பாணம் வந்திருந்த பஞ்சலிங்கம், திருநெல்வேலிச் சந்தியில் கீழே ஆறு கடைகளும் மேலே எட்டு வீடுகளுமாக ஒரு மாடிக் கட்டடம் கேட்டிருந்தார். இஞ்சினியர் சோமசேகரம் விரித்த வரைபடத்தில் ஐந்து கடைகள்தான் இருந்தன.

“மூலைக்கடை எங்கை, தம்பி?”

“அதிலை நிலத்துக்குக் கீழை, ஷெல் அடிக்கேக்கை ஒளிக்கிற பங்கர் வருது, ஐயா. மேலை எட்டுக் குடும்பம் இருக்கப்போகுதெல்லே.”

“சந்தியைப் பாத்த கடையை விட்டிட்டுக் கிடங்கு வெட்டுறதோ? பங்கரை எடுத்துவிடும்.”

“அப்ப வேறை ஆளைப் பாருங்கோ. பங்கர் இல்லாமல் நான் கீறமாட்டன்.”

பஞ்சலிங்கத்துக்குச் சினம் ஏறியது. “உம்மடை வீட்டிலை பங்கர் இருக்கோ?”

“இல்லை.”

“ஏன் வெட்டேல்லை?”

“மனுசி எத்தினையோ தரம் கேட்டவ. வீட்டு முற்றத்தின்ரை வடிவு கெட்டுப்போகும் எண்டு நான்தான் மறிச்சனான்.”

பஞ்சலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல நியாயம்! முதலிலை உம்மடை மனுசி கேட்டதைச் செய்துபோட்டு வந்து எனக்குச் சொல்லும்.”

சோமசேகரம் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

“போன புரட்டாதியிலை ஷெல் விழேக்கை நான் கந்தோரிலை வேலையிலை, ஐயா. அவவும் மகளும் ஓடி ஒளிக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழை பூந்திருக்கினம். அங்கையிருந்துதான் ரெண்டு பேரையும் பிணமா எடுத்தனாங்கள்.”

பஞ்சலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சுருட்டிய வரைபடத்தைச் சோமசேகரத்தின் கையிலிருந்து வாங்கி, மேசைமேல் மறுபடியும் விரித்தார். மூலையில் கீறியிருந்த பங்கரில் விரலை வைத்துக் கேட்டார்:

“எட்டுக் குடும்பத்துக்கு உந்தப் பங்கரிலை இடம் காணுமோ, தம்பி?”