மடித்த ஓரம்

இலோயிலோ நகர மருத்துவமனையின் வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சி மருத்துவர் ஒருவர் பழைய ஈ.சி.ஜி. ஒன்றை, பெயரும் முடிவும் தெரியாதபடி ஓரத்தை மடித்துக் கொண்டுவர வேண்டும். பேராசிரியர் வில்லருஸ் தப்பாகப் படித்துவிட்டால், எல்லாருக்கும் அவர் செலவில் பான்சிட் நூடுல்ஸ். ஒன்பது வருடமாக யாரும் அதைத் தின்றதில்லை.

இன்று ஜோவலினின் முறை. தாளை நீட்டினாள்.

"என்னம்மா, எனக்கே குழந்தைப் பாடமா?" என்று சிரித்தார். "இதயத்தோட மேலறை ஒரு தாளம் போடுது, கீழறை தன் பாட்டுக்கு வேற தாளம் போடுது. ரெண்டுக்கும் நடுவுல முழு அடைப்பு. அன்னைக்கே பேஸ்மேக்கர் வெச்சிருந்தா ஆளு இன்னிக்கும் சேவல் சண்டை பார்த்துக்கிட்டிருப்பான்."

"செத்துட்டார், டாக்டர். வெறும் வாயுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"எந்த மடையன் அனுப்பினது?"

வகுப்பே சிரித்தது. ஜோவலின் ஓரத்தைப் பிரித்தாள். மேலே அவள் அப்பாவின் பெயர். கீழே, 'நார்மல்' என்று எழுதி, வில்லருஸின் கையெழுத்து.

"அப்பாவை யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு சவப்பெட்டி பக்கத்துல நின்னு சொன்னீங்களே, டாக்டர்," என்றாள். "அதை நம்பித்தான் நீங்க என்னை உங்க காசுல படிக்க வெச்சப்போ உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேன்."