ஆளில்லை

ஹட்டனில் ஃபாஸிலின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த அதிகாரி, ராணுவக்காரர்போல் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வெப்சைட் செய்யும் சத்யகலாவிடம் சிங்களத்தில் சொன்னார்:

“தோட்டத்து பேர் மேல மவுஸ வச்சா லய வீட்டு வரிசைகள் மெனுவா விரியணும். லயத்துக்குள்ள காம்பரா வீடுங்க, அதுக்குள்ள ஆட்கள் பேர். உங்க தோட்டத்து விவரத்த நீயே போடு.”

எதற்கென்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. அவள் காம்பராவில், கொழும்பில் ராணுவச் சுற்றிவளைப்பில் தப்பி வந்த அண்ணன் ஒளிந்திருந்தான். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லாத வீடு.

“பேசாம செஞ்சு குடு புள்ள. கேட்டா நமக்குத்தான் கரச்சல்,” என்றார் ஃபாஸில்.

செய்தாள். தன் காம்பராவுக்கு மட்டும் ‘ஆளில்லை’ என்று போட்டாள்.

அடுத்த மாதம், அடைமழையில் ஒரு பகல், அதிகாரி உடம்பெல்லாம் சேறாக வந்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“பயப்படாதம்மா. நன்றி சொல்லத்தான் வந்தேன். மண்சரிவு வரும்னு தெரிஞ்சதும் உன் மெனுவ பாத்துத்தான் காம்பரா காம்பராவா ஆட்கள வெளியேத்தினோம். இப்ப உங்க தோட்டத்து லயமே மண்ணுக்குள்ள.”

“எல்லாரும் வந்துட்டாங்களா சார்?”

“எல்லாரும். ஒரு காம்பரா மட்டும் வெளிய பூட்டிக் கெடந்துச்சு. ஆளில்லைன்னு நீ போட்டிருந்ததால உடைக்கல.”

அந்தப் பூட்டின் சாவி சத்யகலாவின் கைப்பையில் இருந்தது.