குறுக்கே ஒரு கால்

டெய்லர் வாசலுக்கு வந்ததைப் பார்த்ததும், கதவோரம் உட்கார்ந்திருந்த டீச்சர் தன் காலை அவருக்குக் குறுக்கே நீட்டினார். வேண்டுமென்றேதான் நீட்டினார்.

டெய்லர் விழவில்லை. அந்தக் காலை ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே வந்தார். நூலக மாடியில் கூடியிருந்த எட்டுப் பேரும் கை தட்டினார்கள். பாதிக்கு மேல் நடுங்குகிற கைகள், தட்டல் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கே இருந்த எல்லாருக்கும் பார்க்கின்சன். சனிக்கிழமை தவறாமல் கூடுவார்கள். டீ அரை டம்ளர்தான். மீதி அரையைத் தரைக்கு ஊற்றுவானேன்? டெய்லருக்கு வியாதி கால்களில் வேலை காட்டியது. நன்றாக நடந்து வருகிறவர், வாசற்படியைக் கண்டால் தரையோடு தைத்துப் போட்டதுபோல் நின்றுவிடுவார். குறுக்கே எதையாவது வைத்தால் போதும், தாண்டிவிடுவார்.

"என்ன டெய்லரே, திங்கட்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். இப்படி வாடிப்போய் வர்றீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"பதிவு ஆபீஸ்ல வாசப்படி இருக்குமே டீச்சர்!"

"இருந்துட்டுப் போகட்டும். சம்பந்தி வீட்டுல விஷயத்தைச் சொல்லிட்டீங்கல்ல?"

டெய்லர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைத் திருகினார். சொல்லவில்லை. மகள் சொல்லிவிடத் துடித்தாள். 'என் மேல சத்தியம்' என்று அவள் வாயை அடைத்ததே இவர்தான்.

"அட, என்னய்யா இது!" என்றார் வலது கை நடுக்கம் ஓயாத தபால்காரர். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறியே!"

"சம்பந்தியைப் பார்த்திருந்தா நீயும் மறைச்சிருப்பே. ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். வீட்டுக்கு வந்தப்போ, 'ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன். அளவே எடுக்காம என் பொண்ணுக்கு மாப்பிள்ளை கச்சிதமா அமைஞ்சுட்டார்'னு சொன்னேன். வீடே சிரிச்சுது. அந்த மனுஷன் முகத்துல ஒரு சுருக்கம் விழணுமே! ரெண்டு மணி நேரம் என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கிட்டப் போய் வியாதின்னு சொன்னா, கல்யாணத்தையே நிறுத்திட்டுப் போயிருவார்."

"அப்போ நான் வந்து காலை நீட்டறேன்," என்றார் டீச்சர்.

"சாட்சிக் கையெழுத்துக்கு நான் வர்றேன். என் கையெழுத்தைப் பார்த்தா பதிவாளருக்கே நடுக்கம் கண்டுரும்," என்றார் தபால்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் வந்தா நான் வாயே திறக்க வேண்டாம், தானா தெரிஞ்சுடும்!"

டீச்சர் சிரித்து ஓய்ந்தார். அவருக்குக் குரல் எழும்பாது. பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். "இந்த வியாதி ஆளுக்கு ஒண்ணைப் பிடிக்கும் டெய்லரே. அவருக்குக் கை, எனக்குக் குரல். உங்க காலைப் பிடிச்சிருக்கு. காலைப் பிடிச்சவன்கிட்ட எதுக்கு இவ்வளவு பயம்? வாசல் வந்தா கழுத்துல கிடக்கிற நாடாவைக் கீழே போட்டுத் தாண்டுங்க."

டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணி. பதிவு அலுவலகத்தின் உள்ளறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நகல் எடுக்கப் போயிருந்த டெய்லர், தானே தைத்த புதுச் சட்டையில், நடைவழி முழுக்க ராஜநடை நடந்து வந்தார்.

வாசற்படி வந்தது. கால்கள் நின்றன.

கை கழுத்துக்குப் போனது. நாடா இல்லை. 'கல்யாணத்துக்குப் போறப்பவும் கழுத்துல இது எதுக்கு?' என்று காலையில் மனைவி உருவி ஆணியில் மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தார். கால் அசையவில்லை.

"பொண்ணோட அப்பா எங்கே? கையெழுத்துப் போடணும்," என்றார் பதிவாளர்.

"அங்கேயே நின்னா எப்படிங்க? வாங்க!" என்றாள் மனைவி.

மகள் பதறி எழுந்தாள். அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடி மேல் அடி வைத்து வாசலுக்கு வந்துவிட்டார். அதே முகம், அதே முறைப்பு. பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று டெய்லருக்கு அழுகை முட்டியது.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். எனக்குப் பார்க்கின்சன். வாசப்படியில கால் நின்னுடும். தப்பு என்னோடது, பொண்ணு பாவம். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. கல்யாணத்தை மட்டும்..."

ஸ்டேஷன் மாஸ்டர் பாலீஷ் போட்ட கறுப்பு ஷூவோடு தன் வலது காலை டெய்லருக்குக் குறுக்கே நீட்டினார்.

டெய்லரின் கால் தானாக எழும்பியது. தாண்டி உள்ளே வந்து சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். இப்போதும் ஒரு சுருக்கம் இல்லை.

"அளவெடுக்காத மாப்பிள்ளைன்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன் சம்பந்தி. உங்களுக்குக் கால், எனக்கு மூஞ்சி. அதுக்குத்தான் நாலு வருஷமா சிக்னல் விழல!"