முன்வரிசைக் குரல்

மாலை ஐந்தடித்ததும் மகன் ஸ்பீக்கரை இணைத்தான். தாங்கள் கொண்டாடும் கிடார்க்காரர் இறந்த நாளில் வருஷாவருஷம் அவருடைய பழைய மேடைக் கச்சேரியை நண்பர்கள் இந்த வீட்டில்தான் கேட்பார்கள். அம்மாவும் மூலை நாற்காலிக்கு வந்துவிடுவாள்.

"ஒத்தைத் தந்தியை இழுத்துக்கிட்டே போவார் பாரு, மூச்சு விட மறந்துடும்," என்றான் தபால்காரன்.

"அப்பதான் முன்வரிசையில யாரோ ஒரு கழுதை 'ஐயோ, கொல்றானே!'ன்னு கத்தும்," என்றான் டிரைவர்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கழுதை திட்டு வாங்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான்.

"இனிமே கத்தாது," என்றான் மகன். ஒலிப்பதிவுதான் அவன் தொழில். "டேப்புல பூஞ்சை. கம்ப்யூட்டர்ல ஏத்தி, அந்தக் குரலைச் சுத்தமா எடுத்துட்டேன். டேப் குப்பைக்குப் போயாச்சு, கத்தல் இருந்த ஃபைலையும் அழிச்சாச்சு."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் கச்சேரி தொடங்கிவிட்டது.

ஒற்றைத் தந்தி ஏறியது. ஏறிக்கொண்டே போனது. உச்சியில் அது நின்றபோது ஒருவரும் அசையவில்லை. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மனுஷனே இல்லடா, தெய்வம்!" என்றான்.

அம்மா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நல்லா இருக்கா?" என்றான் மகன்.

"கத்தினது உங்கப்பாடா. அன்னிக்கு நீ என் வயித்துல இருந்தே. நீங்க திட்டுறது வேடிக்கையா இருந்துச்சு, சொல்லாமலே விட்டுட்டேன்."

தான் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவின் குரலைக் கேட்டதே இல்லை என்றுதான் அவன் இதுவரை நினைத்திருந்தான்.

"அந்த டேப்பு வேற யார்கிட்டயாவது இருக்குமாடா?" என்றாள் அம்மா.