வால் இருக்கட்டும்

தான் இறப்பதற்கு முந்தின நாள்தான், நாய்க்குட்டியின் வாலை நறுக்கக் கால்நடை மருத்துவரிடம் அவர் நேரம் வாங்கியிருந்தார். குறித்த தேதியில் குட்டியை அணைத்தபடி அவர் மனைவி வந்தாள், கூடவே கொழுந்தன்.

“வேண்டாம் டாக்டர், வால் இருக்கட்டும்.”

“அண்ணன் கடைசியா ஆசைப்பட்டது, அண்ணி! இந்த வகை நாய்க்குக் குட்டை வால்தான் அழகு.”

“அழகுக்காக அறுக்கணுமா? வலிக்காதா?”

“நாய் வாலை நிமிர்த்தத்தான் முடியாது, நறுக்கவும் கூடாதா?”

மருத்துவர் சிரித்தபடி ஒப்புதல் படிவத்தை அவளிடம் நீட்டினார். “முடிவு உங்களோடதும்மா. படிச்சுப் பாருங்க.”

அவள் கை படிவத்தைத் தேடிக் காற்றில் துழாவியது. அவளுக்குப் பார்வை இல்லை என்பது அப்போதுதான் மருத்துவருக்குப் புரிந்தது.

“குட்டி உன்னைப் பார்த்துக் குதிக்குதுடின்னு அவர் சொல்லுவார். இனிமே யார் சொல்லுவா? வால் என் கால்ல பட்டாத்தான் எனக்குத் தெரியும்.”

கொழுந்தன் குட்டியின் வாலை மெல்லத் தடவினான்.

“அப்போ வால் தட்டிவிடாம கண்ணாடி டம்ளரையெல்லாம் மேல எடுத்து வச்சுடறேன், அண்ணி.”

பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

“குட்டியோட தடுப்பூசி அட்டையில உரிமையாளர் பெயரை மாத்திடட்டுமா?” என்றார் மருத்துவர்.

“அது வேண்டாம்.”

அட்டையில் இன்னும் அவள் கணவர் பெயர்தான் இருக்கிறது.